காட்டவரைக்கு ஒரு மெமோ

இயற்கை தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ தவறுகளைச் செய்து வந்திருக்கிறது. மழையைக் குற்றாலத்துக்கும் வெயிலைச் சங்கரன்கோவிலுக்கும் பிரித்துக் கொடுத்தது அவற்றில் ஒன்று. ஆனாலும் எந்த அரசும் எந்தப் பல்கலைக்கழகமும் அதைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டதில்லை. அந்தத் துணிச்சல் உலகத்திலேயே முதலாவதாக ஒரு கல்லூரிக்குத்தான் வந்தது. சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகும் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே ரோஸ் நிறத்தில் எழுந்து நிற்கும் எழில்வாணி கலை அறிவியல் கல்லூரி அது.

கல்லூரித் தாளாளர் இசக்கித்துரை. 'கல்வித்தந்தை' என்றால் இன்னும் மகிழ்வார். அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று சிலர் கேட்பதுண்டு. அவரேதான் கொடுத்துக்கொண்டார். அவருடைய அருமை அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? நுழைவாயிலில் இருபதடி உயர இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் வட்டமான பலகை வைத்து, அதில் தம் முகத்தைச் சிரித்தபடி வரையச் செய்திருந்தார். சாலையில் போகிற ஆடு மாடுகள்கூட அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் கடக்க முடியாது.

கம்பத்தைச் சுற்றிப் பூங்கா அமைக்க வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலிருந்து டிப்பரில் செம்மண் வந்தது. மண்ணோடு ஒரு விதையும் வந்தது. ஐப்பசி மழையில் முளைத்து, கிடுகிடுவென்று கம்பத்தில் ஏறி, கார்த்திகையில் ஊதாப்பூ பூத்து நின்றது.

அதை முதலில் அடையாளம் கண்டவள் விஜிதா. தாவரவியல் துறைத் தலைவர், பேராசிரியர், ஆய்வகப் பொறுப்பாளர் எல்லாம் அவளே. துறையில் இருப்பது அவள் ஒருத்திதான். ஆறு வருடமாக அவள் 'தற்காலிகம்'. ஜூனில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை 'மறுநியமன ஆணை' என்று ஒரு தாள் வரும். அவளுடைய இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வீட்டு வாடகையும் அந்த ஒற்றைத் தாளின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

"இது காட்டவரை. நம்ம வாளவரைக்குக் காட்டுச் சொந்தம்" என்று அவள் மாணவிகளுக்குக் காட்டினாள். காம்புக்கு மூன்று இலை. வேர் முண்டுகளில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துச் செடிக்குக் கொடுக்கும். மற்ற அவரைப் பூக்களில் பெரிய இதழ் மேலே இருக்கும். இதில் பூ திரும்பிக்கொள்வதால் கீழே வந்துவிடும். கருவண்டு அதில் உட்கார்ந்து தேன் குடிக்கும். மலையடிவாரத்துச் செடி கரிசல் காட்டில் பூத்திருப்பது அபூர்வம். இதையெல்லாம் அவள் ஆசையோடு எழுதிக் கொடுக்க, முதல்வர் செல்வக்குமார் அப்படியே எடுத்து, 'பசுமை வளாகத் தரச்சான்று' கேட்டுப் போட்ட விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் படத்தோடு சேர்த்துவிட்டார். தரச்சான்று தரும் தனியார் அமைப்பின் மதிப்பீட்டுக் குழு, வருகிற வியாழக்கிழமை அந்தக் கொடியைப் பார்க்கச் சென்னையிலிருந்து வருவதாகப் பதில் போட்டது.

குழு வருவதற்குள் வளாகத்தின் 'ஆற்றலை'ச் சரிபார்த்துவிடுவது நல்லது என்று தாளாளருக்குத் தோன்றியது. பிரபஞ்ச ஆற்றல் ஆலோசகர் ஆவுடையப்பனை வரவழைத்தார். ஆவுடையப்பன் முன்பு இன்வெர்ட்டர் பேட்டரி விற்றவர். ஆகவே ஆற்றல் அவருக்குப் புதிதல்ல. இரண்டு செப்புக் கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வளாகம் முழுக்க நடந்தவர், கம்பத்தருகே வந்ததும் நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, இந்தக் கொடி எப்படிச் சுத்துதுன்னு பாத்தீயளா?"

"ஏன், நல்லாத்தான சுத்துது?"

"இடமால்லா சுத்துது! கோயில்ல நாம எப்படிச் சுத்துவோம்?"

"வலமா."

"இடமா எங்கன சுத்துவோம்?"

தாளாளர் யோசித்தார். இந்தப் பக்கத்தில் இடமாகச் சுற்றுவது ஒரே ஓர் இடத்தில்தான். சுடுகாட்டில், தோளில் நீர்க்குடத்தோடு, கிடத்தியிருப்பவரைச் சுற்றி. அவர் மெல்ல அண்ணாந்து பார்த்தார். உச்சியில் அவரேதான் சிரித்துக்கொண்டிருந்தார். கொடி அவரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மூணு சுத்துதான் முறை" என்றார் ஆவுடையப்பன் வருத்தத்துடன். "இது ஒம்பது சுத்து போட்டிருக்கு."

"ஏலே, வெட்டுங்கலே அத!" என்று தாளாளர் போட்ட சத்தத்தில் காவலாளி கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டார்.

முதல்வர் தொண்டையைச் செருமினார். "ஐயா, வெட்ட முடியாது. விண்ணப்பத்துல முதல் பக்கமே அதுதான். வாரவங்க அதப் பாக்கத்தான் வாராங்க."

"அப்ப என்னவே செய்ய? உசுரோட இருக்கவனுக்கு இது கொள்ளிக்குடம் சுத்துது, நான் பாத்துக்கிட்டு நிக்கவா?"

"திருத்திருவோம் ஐயா."

கல்வியின் நோக்கமே திருத்துவதுதானே? அன்று பிற்பகலே 'கொடி நெறிப்படுத்தும் குழு' கூடியது. வரலாறு, வணிகவியல், உடற்கல்வி என்று எல்லாத் துறையிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். தாவரவியல் தெரிந்தவர் இருந்தால் விவாதம் ஒருதலைப்பட்சமாகிவிடும் என்று விஜிதாவைச் 'சிறப்பு அழைப்பாளர்' என்று கதவோரம் உட்காரவைத்தார்கள்.

"மேடம், சுருக்கமாச் சொல்லுங்க. அது ஏன் இடமாச் சுத்துது?" என்றார் முதல்வர்.

"அவரை வகைக் கொடிங்க எல்லாமே அப்படித்தான் சார். மேலேருந்து பாத்தா கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. நுனி தானாகவே வட்டமாத் துழாவும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு சுத்து மாதிரி. கம்பு தட்டுப்பட்டதும் அதே திசையில சுத்தி ஏறிரும். நம்ம வீட்டு அவரைப் பந்தல்லயும் இதேதான்."

"எங்க வீட்டுலயுமா?" என்று வணிகவியல் பேராசிரியர் பதறிப்போய் வீட்டுக்கு போன் செய்தார்.

"அதுக்குச் சொல்லிப் பழக்க முடியாதா?" என்றார் முதல்வர்.

"செடிக்கு எப்படி சார் சொல்ல?"

"ஏன் மேடம், நம்ம முதலாண்டுப் பயலுவளுக்கு வரிசையில நிக்கச் சொல்லிக் குடுக்கலையா? ஒரு வாரத்துல பழகிட்டானுவள்லா?" என்றார் உடற்கல்வி இயக்குநர். அவர் விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்று தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. ஒன்று, கொடி வலமாகச் சுற்றவேண்டும். இரண்டு, வியாழக்கிழமைக்குள் சுற்றவேண்டும். மூன்று, இதுவரை இடமாகச் சுற்றியதற்கு எழுத்துமூலம் விளக்கம் பெறவேண்டும். கொடிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால், 'தங்கள் துறையின் கட்டுப்பாட்டிலுள்ள தாவரத்தின் ஒழுங்கீனம்' என்ற பொருளில் மெமோ விஜிதாவின் பெயருக்கு வந்தது.

அவள் 'இது கொடியின் இயல்பு' என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தாள்.

முதல்வர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் மேசை இருந்தது. மேசைக்கு மேலே தாளாளர் படம் இருந்தது. "இயல்புன்னு எழுதாதீங்க மேடம். குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். 'வருங்காலத்தில் இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்ளப்படும்'னு எழுதுங்க. டிசம்பர் ஆர்டர் எல்லாம் ஐயா மேசையில கெடக்கு. பாத்துக்கிடுங்க."

விஜிதா அப்படியே எழுதிக் கொடுத்தாள். ஒரு தாவரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்ட முதல் தாவரவியலாளர் என்ற பெருமை அன்றே அவளைச் சேர்ந்துவிட்டது.

திருத்தப்பணி தோட்ட வேலை செய்யும் பேச்சித்தாயிடம் ஒப்படைக்கப்பட்டது. அவள் ஏணி போட்டு ஏறி, கொடியை ஒன்பது சுற்றும் பிரித்து, வலமாகச் சுற்றி, வாழைநாரால் கட்டிவிட்டு இறங்கினாள். வழியில் ஏழெட்டுப் பூங்கொத்து உதிர்ந்தது. மூன்று பிஞ்சு ஒடிந்தது. கீழே நின்று முதல்வர் கைதட்டினார்.

மறுநாள் மதியம் போய்ப் பார்த்தால், கட்டிய இடத்தோடு கட்டு அப்படியே இருந்தது. கட்டுக்கு மேலே வளர்ந்த ஒரு சாண் நுனி மட்டும் சாவகாசமாக இடப்பக்கம் திரும்பி, கம்பத்தைப் பிடித்திருந்தது.

"ஏட்டி பேச்சி, ஒழுங்காத்தான் சுத்துனியா?" என்று அதட்டினார் காவலாளி.

"நான் சுத்துனது அங்கன கெடக்கு பாரும். இது அதா சுத்துனது. நீரு வேணும்னா ராத்திரி பூரா பிடிச்சுக்கிட்டு நில்லும்" என்றாள் பேச்சித்தாய்.

அந்த யோசனையிலும் பொருள் இருப்பதாகக் குழு கருதியது. மணிக்கொருவர் கொடி நுனியைக் கண்காணிக்கப் பணிப்பட்டியல் போட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர் இரண்டாம் மணியிலும் வணிகவியல் பேராசிரியர் மூன்றாம் மணியிலும் ஏணியில் நின்று, நுனி இடமாக நகரும்போதெல்லாம் ஒரு குச்சியால் வலமாகத் தள்ளிவிட்டார்கள். இரண்டு நாள் அந்தத் துறைகளில் பாடம் நடக்கவில்லை. மாணவர்கள் கல்வித்தந்தையை மனதார வாழ்த்தினார்கள். ஆவுடையப்பன் தம் பங்குக்கு ஒரு செப்புச் சுருளை வலமாகச் சுற்றிக் கம்பத்தின் அடியில் புதைத்தார். கொடி அந்தச் செப்புச் சுருளையும் கண்டுகொள்ளவில்லை.

புதன்கிழமை காலை தாளாளர் விஜிதாவைத் தம் அறைக்கு அழைத்தார். முதல்வரும் ஆவுடையப்பனும் இருந்தார்கள். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று அவளுடைய மறுநியமன ஆணை. எல்லாம் தட்டச்சாகியிருந்தது, தாளாளர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இன்னொன்று ஒரு சான்றிதழ். 'இக்கல்லூரி வளாகத்தில் வளரும் காட்டவரை, வலமாகச் சுற்றும் தனி வகை என்று ஆராய்ந்து உறுதி செய்கிறேன்' என்று அதில் இருந்தது. அதில் அவளுடைய கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நீ அதுல போடு, நான் இதுல போடுதேன்" என்றார் தாளாளர். இதைவிடச் சமத்துவமான நிர்வாகத்தை எங்கே காண முடியும்?

விஜிதா பேனாவைக் கையில் எடுத்தாள். ஆணையில் தன் பெயரைப் பார்த்தாள். இந்த மாத வாடகை நினைவுக்கு வந்தது. பிறகு சான்றிதழில் தன் பெயரைப் பார்த்தாள். மூன்று இலை, ஊதாப்பூ, கருவண்டு என்று அவள் சொல்லச் சொல்ல நோட்டில் படம் வரைந்த பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். நாளைக்கு அவர்களில் ஒருத்தி, "மிஸ், எங்க வீட்டு அவரை ஏன் இடமாச் சுத்துது?" என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்ல?

"இப்படி எழுத முடியாது சார். நாளைக்கு வாரவங்களுக்குக் கண்ணு இருக்கும்லா? பாத்தா தெரிஞ்சிரும்."

"எப்படித் தெரியும்?"

"நின்னு பாத்தாலே தெரியும் சார்."

"நிக்காம எப்படிப் பாக்க?" என்றார் தாளாளர் எரிச்சலோடு.

ஆறு நாளாக அடக்கிவைத்த எரிச்சல் விஜிதாவுக்கும் எட்டிப் பார்த்தது. "கீழ படுத்துப் பாத்தா வலமாத் தெரியும் சார்! கடிகாரத்தப் பின்பக்கமாப் பாத்த மாதிரி. எல்லாரையும் கம்பத்தடியில மல்லாக்கப் படுக்க வையுங்க. அப்புறம் கொடி நீங்க சொன்னபடிதான் சுத்தும்."

சொல்லி முடித்ததும், வேலை போயிற்று என்று அவள் நினைத்தாள். ஆவுடையப்பன் வாயைத் திறந்தபடி இருந்தார். முதல்வர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தாளாளர் மெதுவாக எழுந்தார். "யம்மா" என்றார். கை கூப்பினார். "இத ஏன் மொதல்லயே சொல்லல?"

அறிவியல் வரலாற்றில் மாபெரும் கண்டுபிடிப்புகள் இப்படித் தற்செயலாகத்தான் நடந்திருக்கின்றன. கேலியாகச் சொன்ன ஒரு சொல்லைக் கேலி என்று புரிந்துகொள்ளாத மேதை ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நான்கு பேரும் கம்பத்தடிக்கு ஓடினார்கள். ஓடினார்கள் என்றால், மூன்று பேர் ஓடினார்கள், விஜிதா பின்னால் போனாள். தாளாளர் துண்டை விரித்து மல்லாந்து படுத்து, கட்டுக்கு மேலே போன நுனியைப் பார்த்தார். "வலம்!" என்று கூவினார். முதல்வர் படுத்தார். "வலமேதான் ஐயா!" ஆவுடையப்பன் படுத்தார். "ஆற்றல் எறங்குது அண்ணாச்சி, நெத்தியில குறுகுறுங்குது" என்றார். அவர் நெற்றியில் ஊர்ந்துகொண்டிருந்தது கட்டெறும்பு.

அன்று பிற்பகல் சுற்றறிக்கை வந்தது. 'காட்டவரையைப் பார்வையிடும் முறை: தலை கம்பத்தை நோக்கியும் கால் வெளியேயும் இருக்கும்படி மல்லாந்து படுத்து மட்டுமே பார்க்கவேண்டும். நின்றோ உட்கார்ந்தோ பார்ப்பது கொடியை அவமதிப்பதாகும்.' பத்தமடைப் பாய்கள் நாற்பத்தொன்று வந்து இறங்கின. மாலை நான்கு மணிக்கு ஒத்திகை. உடற்கல்வி இயக்குநர் விசில் ஊத, ஆசிரியர்கள் மூன்று வட்டமாகப் படுத்து, எழுந்து, மறுபடி படுத்துப் பழகினார்கள். செடிக்குப் பழக்க முடியாததை ஆசிரியர்களுக்குப் பழக்க ஒரு மணி நேரம் போதுமாயிருந்தது.

விஜிதா மட்டும் ஓரத்தில் நின்றாள். சுருக்குப் போட்ட வாழைநாரை அவிழ்த்து, கொடியைப் பழையபடி இடமாகச் சுற்றிவிடப் பேச்சித்தாய் ஏணியோடு வந்தாள்.

"இனிமே கட்ட வேண்டாமாம் டீச்சர். அது போக்குல போகட்டும்னுட்டாவ."

"கொடி தப்பிச்சிருச்சு அக்கா."

"ஆமா. ஆளுவதான் மாட்டிக்கிட்டாவ" என்று பேச்சித்தாய் வரிசையாகக் கிடந்த பேராசிரியர்களைப் பார்த்தாள். "நீங்க படுக்கலையா?"

"நீங்க?"

"எனக்கென்ன, என் பேரு லிஸ்ட்ல கிடையாது. உங்க பேரு இருக்குல்லா? பிள்ளைக்குட்டிக்காரி, பேசாம படுத்து எந்திரிச்சிட்டுப் போங்க தாயி. அஞ்சு நிமிசம்தான்."

விஜிதா படுக்காமலே கிளம்பினாள். வாசுதேவநல்லூர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு போனாள். ஐந்து நிமிடம்தான். யாரும் அவளைப் பொய் சொல்லக்கூடச் சொல்லவில்லை. கீழே இருந்து பார்த்தால் வலம் என்பது உண்மைதான். உண்மையைப் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். சந்தன மாலை, சால்வை, இளநீர் எல்லாம் முடிந்து கம்பத்தடிக்கு அழைத்து வரப்பட்டார்கள். குழுத் தலைவர் வயதானவர், தாவரங்கள் தெரிந்தவர். அவர் நின்றபடியே கொடியைப் பார்த்து, "அருமை, அருமை. இது வழக்கம்போல..." என்று தொடங்கினார்.

"ஐயா, இங்க படுத்துப் பாக்கதுதான் முறை" என்று முதல்வர் பணிவோடு பாயைக் காட்டினார்.

தலைவர் பாயைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குத் தாளாளரின் வாசுதேவநல்லூர்த் தோப்பிலிருந்து வந்திருந்த நாட்டுக்கோழியின் மணம் காற்றில் வந்தது. மெதுவாகக் குனிந்தார், கையை ஊன்றினார், படுத்தார். மற்ற இருவரும் படுத்தார்கள். விசில் ஒலித்தது. கல்லூரியே படுத்தது. உள்வட்டத்தில் குழுவும் தாளாளரும். வெளிவட்டத்திலிருந்தவர்களுக்குக் கொடியே தெரியவில்லை, வெறும் வானம்தான் தெரிந்தது. அவர்கள்தான் முதலில், "வலம்! வலம்!" என்று குரல் கொடுத்தார்கள்.

குழுவுக்கு வாங்கியதில் தமக்கும் ஒன்று போட்டுக்கொண்ட மாலையோடு, கால்களை நீட்டி, கைகளை மார்பில் கட்டி, நடுவில் கிடந்தார் கல்வித்தந்தை. ஏணிக்குப் பக்கத்தில் நின்ற பேச்சித்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ டீச்சர்! கொடி சுத்துனது இப்பத்தான் முறையா இருக்கு!"

விஜிதா சிரித்துவிட்டாள். சத்தமாகவே சிரித்துவிட்டாள். படுத்திருந்த நாற்பது முகங்களும் திரும்பிப் பார்த்தன. பட்டியலில் பேர் இருந்தவர்களில் அவள் ஒருத்திதான் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம்!" என்று தரையிலிருந்து முதல்வர் கிசுகிசுத்தார். "படுங்க மேடம்! பாய் இருக்கு, படுங்க!"

"ஏம்மா, நீ மட்டும் எதுக்கு நிக்க?" என்றார் தாளாளர், படுத்தபடியே, அதிகாரம் கொஞ்சமும் குறையாமல்.

ஒரு பாய் காலியாகத்தான் இருந்தது. வெளிவட்டத்தில், நிழலாகக்கூட இருந்தது. விஜிதா அதைப் பார்த்தாள்.

"நின்னு பாத்தா எப்படித் தெரியுதுன்னு சொல்லவும் ஒரு ஆள் வேணும்லா சார்" என்றாள். "இடமாத்தான் தெரியுது."

குழுத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று எல்லோரும் மரியாதையாக நினைத்துக்கொண்டார்கள்.

கல்லூரிக்குத் தரச்சான்று கிடைத்தது. 'மிகச் சிறப்பு'. 'தரையோடு தரையாக நிற்கும் நிர்வாகம்' என்று அறிக்கையில் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். ஆவுடையப்பன் 'படுத்த நிலை ஆற்றல் பயிற்சி' தொடங்கி, ராஜபாளையம் வரை கிளை பரப்பிவிட்டார். முதல்வர் செல்வக்குமாருக்குப் 'பசுமைச் செம்மல்' என்று பட்டம். கொடியை யாரும் தொடுவதில்லை. அது காய்த்து, காய் வெடித்து, வளாகம் முழுக்க முளைத்து, கிடைத்த கம்பிலெல்லாம் தன் இஷ்டத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. கொடிக்குக் கொடுத்த மெமோவும் திரும்பப் பெறப்பட்டது.

விஜிதாவின் டிசம்பர் ஆணை மட்டும் கையெழுத்தாகவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. கல்லூரியின் பார்வையோடு அவருடைய பார்வை ஒத்துப்போகாததால் மறுநியமனம் இல்லை என்று.

இயற்கையைத் திருத்த முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழில்வாணி கல்லூரியில் போய்ப் பாருங்கள். காட்டவரை அங்கே வலமாகத்தான் சுற்றுகிறது. நாற்பது பட்டதாரிகள் சாட்சி. அதற்காக அந்தச் செடி ஓர் இலையைக்கூட அசைக்கவேண்டியிருக்கவில்லை. படித்தவர்கள் எல்லோரும் படுத்தார்கள், அது போதுமாயிருந்தது. வேலையை விட்டு அனுப்பவேண்டியிருந்தது, நின்றுகொண்டிருந்த ஒருத்தியை மட்டும்தான்.